கடல் கடந்த தமிழ் நாவலும் புதுவைக் கரையின் மரபும்

புலம்பெயர் நாவல் என இன்று தமிழில் வழங்கும் வகை, பிறந்த மண்ணை விட்டு வேற்று நாட்டில் குடியமர்ந்தவர் அவ்விரு வாழ்வுகளையும் பொருளாகக் கொண்டு எழுதும் புதினத்தைக் குறிக்கும். 1983ஆம் ஆண்டின் இலங்கை இனக்கலவரத்துக்குப் பின் ஈழத்தமிழர் ஐரோப்பாவிலும் கனடாவிலும் தஞ்சம் புகுந்து எழுதத் தொடங்கியதே இவ்வகையின் பிறப்பு என்று கொள்வது திறனாய்வாளரிடையே வழக்கமாகிவிட்டது. அக்கணக்கில் கோட்டக்குப்பமும் புதுச்சேரியும் சேர்ந்த கடற்கரைக்கு இடமில்லை; இக்குறை திருத்தப்பட வேண்டியதாகும்.

புலம்பெயர் நாவலில் மூன்று மரபுகளைக் காணலாம். காலத்தால் முந்தியது மலேயா, இந்தோனேசியா சார்ந்த மரபு. சிங்கம்புணரியில் பிறந்து இளமையிலேயே மேதான் நகருக்குப் பிழைக்கச் சென்ற ப. சிங்காரம், போருக்குப் பின் தாயகம் திரும்பி மதுரையில் நாளிதழ் ஒன்றில் பணியாற்றியபடியே வாழ்ந்தவர். அவர் எழுதியவை 'கடலுக்கு அப்பால்' (1959), 'புயலிலே ஒரு தோணி' (1972) என இரண்டே நாவல்கள். மலேசியாவில் அ. ரெங்கசாமி சயாம் மரண ரயில்பாதையில் மடிந்த தமிழரை 'நினைவுச்சின்னம்' நாவலில் பதிந்தார். இம்மரபில் தொழிலும் போரும் முன்நிற்க, பிரிவுத்துயர் பின்னே செல்கிறது. ஈழத்தவர் மரபிலோ நிலைமை மாறாகும். அகதி விண்ணப்பத்தையே கதைவடிவாக்கிய ஷோபாசக்தியின் 'கொரில்லா' (2001), தேவகாந்தனின் பெரும்படைப்பான 'கனவுச்சிறை', சயந்தனின் 'ஆறாவடு' ஆகியவற்றில் எழுத்தாளர் இருப்பது பாரிசிலோ கனடாவிலோ சுவிட்சர்லாந்திலோ ஆயினும், கதையின் நெஞ்சு யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் துடிக்கிறது. உயிர்தப்பி வந்தவனிடம் வேறு எதை எதிர்பார்க்க இயலும்?

மூன்றாவது மரபு புதுவைக் கரைக்குரியது. புதுச்சேரியின் முத்தியால்பேட்டையைத் தாண்டியதும் தொடங்கும் கோட்டக்குப்பம், 1947 வரை ஆங்கிலேயரின் தென்னார்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்தது. தெற்கே சில எட்டு வைத்தால் பிரெஞ்சு ஆட்சி. இவ்வாறு இரு பேரரசுகளின் எல்லை ஊர்களின் நடுவே ஓடிய வட்டாரம் தமிழ்நிலத்தில் அரிது. 1881ஆம் ஆண்டு ஆணையின்படி, தம் சாதி, சமயவழித் தனிச்சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்றவர்கள் 'ரெனோன்சான்' எனப்பட்டனர். அவர்களுள் பலர் குடும்பப் பெயர் சூடி, அரசுப் பணியாளராக இந்தோசீனா சென்றனர். இக்கரையின் தமிழ் முஸ்லிம் வணிகரும் சைகோனில் கடை விரித்தனர். அந்நகரின் நடுவே தென்னிந்திய முஸ்லிம்கள் 1935இல் எழுப்பிய பள்ளிவாசல் இன்றும் உள்ளது. 1954இல் புதுச்சேரி இந்தியாவுடன் நடைமுறையில் இணைந்து, 1962இல் ஒப்பந்தம் சட்டப்படி உறுதியானபோது, பிரெஞ்சுக் குடியுரிமையைத் தெரிவு செய்துகொள்ளும் வாய்ப்பு மக்களுக்கு அளிக்கப்பட்டது. ஆகவே இக்கரையினரின் புலப்பெயர்வு குண்டுக்கு அஞ்சி ஓடியதன்று. சட்டமும் சம்பளமும் திருமண உறவும் திறந்துவிட்ட வழி.

இம்மரபின் முதன்மையான நாவலாசிரியர், கோட்டக்குப்பத்தைப் போலவே வானூர் வட்டத்தைச் சேர்ந்த கொழுவாரியில் பிறந்து, 1980களில் பிரான்சு சென்று ஸ்ட்ராஸ்பூரில் குடியமர்ந்த நாகரத்தினம் கிருஷ்ணா ஆவார். குடியமர்ந்த நகரும் பொருத்தமானது. 1871 முதல் 1944 வரை பிரான்சுக்கும் செருமனிக்கும் இடையே நான்கு முறை கைமாறிய ஊர் அது. எல்லையோரத்தில் பிறந்து எல்லையோரத்தில் வாழும் எழுத்தாளர் வரலாற்றின்பால் சாய்ந்ததில் வியப்பில்லை. 'நீலக்கடல்' (2005) பதினெட்டாம் நூற்றாண்டு மொரீசியசைக் களமாகக் கொள்கிறது. 1834க்குப் பின் அங்குச் சென்ற ஒப்பந்தக் கூலிகளைப் பலரும் அறிவர். அதற்கு ஏறத்தாழ நூறாண்டு முன்பே, லபூர்தொனே ஆளுநராக இருந்த காலத்தில், போர் லூயி துறைமுகத்தைக் கட்டப் புதுச்சேரிக் கைவினைஞர் கொண்டுசெல்லப்பட்டதை அறிந்தோர் சிலரே. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு காட்டும் அக்காலத்தை நாவலாக்கியதே இந்நூலின் சிறப்பு. 'மாத்தா ஹரி' (2008) 1917இல் பிரான்சில் உளவாளியெனச் சுட்டுக்கொல்லப்பட்ட நடனக்காரியின் நிழலில் ஒரு புதுச்சேரிப் பெண்ணின் வாழ்வை நிறுத்துகிறது. 'கிருஷ்ணப்ப நாயக்கர் கௌமுதி' செஞ்சிக்குத் திரும்புகிறது. பின்வந்த 'சைகோன் - புதுச்சேரி' இக்கரையினர் பிழைத்த இந்தோசீனாவைத் தொடுகிறது.

அவருடைய மொழிபெயர்ப்புகளையும் இப்பணியின் பகுதியாகவே கருத வேண்டும். சைகோன் அருகே பிறந்த மார்கெரித் துராசின் நாவலைக் 'காதலன்' எனவும், மொரீசியசு வேர்கொண்ட லெ கிளேசியோவின் முதல் நாவலைக் 'குற்ற விசாரணை' எனவும் அவர் தமிழாக்கியது தற்செயலன்று. தம் ஊரார் சென்ற துறைமுகங்களையே பிரெஞ்சு இலக்கியத்திலும் அவர் தேடியிருக்கிறார் என்று தோன்றுகிறது. இதே கரையிலிருந்து பிரெஞ்சு மொழியில் எழுதுபவர் அரி கொத்தியே; மடகாசுகரில் பிறந்து புதுச்சேரியில் வளர்ந்து ஓசுலோவில் வாழும் அவருடைய 'திண்ணை' நாவல் (2018), புதுச்சேரிக் குருசுக்குப்பத்துக் கிரியோல் குடும்பங்களைப் பேசுகிறது. மொழி எதுவாயினும் மரபு ஒன்றே.

இம்மூன்று மரபுகளையும் ஒரே அளவுகோலால் அளத்தல் தகாது. ஈழத்தவர் நாவலைச் சாட்சியத்தின் உண்மை கொண்டும், மலேயா நாவலைத் தோட்டத்து உழைப்பின் நுணுக்கம் கொண்டும் மதிப்பிடுவது முறை. புதுவை மரபுக்குரிய அளவுகோல் இரண்டு. ஆவணத்தில் பெயராக மட்டும் கிடப்பவனை நாவலாசிரியர் பசியும் அச்சமும் உள்ள மனிதனாக்குகிறாரா என்பது ஒன்று. சென்ற நாடு வெறும் பின்திரையாக நின்றுவிடாமல் கதைமாந்தரின் மனத்தை மாற்றுகிறதா என்பது மற்றொன்று. இரண்டாவதில் நாகரத்தினம் கிருஷ்ணா பெரும்பாலும் வெல்கிறார். அவருடைய பிரான்சு, சுற்றுலாப் பயணியின் பிரான்சு அன்று. முதலாவதில் ஏற்றத்தாழ்வு உண்டு. 'நீலக்கடல்' உள்ளிட்ட நூல்களில் வரலாற்றுச் செய்தி சில இடங்களில் கதையை முந்திச் சென்று, மாந்தர் பேச வேண்டியதை ஆசிரியரே விளக்கிவிடுகிறார். ஆயினும் வழி இல்லாத இடத்தில் வழி அமைத்தவரின் குறை அது.

எழுதப்படாதது இன்னும் மிகுதி. சைகோன் கடைகளின் கணக்கேடுகள், கப்பல் பயணச் சீட்டுகள், பிரான்சிலிருந்து வந்த ஓய்வூதியத் தாள்கள், பழைய மடல்கள் இக்கரையின் வீடுகளில் எவையேனும் எஞ்சியிருக்குமாயின், பெட்டியில் செல்லரிக்க விடாமல், இப்பகுதியில் இயங்கும் நூலகங்களில் அவற்றின் படிகளையேனும் ஒப்படைக்குமாறு வாசகரைக் கேட்டுக்கொள்வது பொருந்தும்.