டிக் அடித்த மனசு

நம் வணிகவியல் துறைகளில் பசுமை நுகர்வோர் ஆய்வுக்கு நல்ல காலம். 'சுற்றுச்சூழலுக்கு உகந்த பொருள்களை வாங்கத் தூண்டும் காரணிகள்' என்ற தலைப்பு அப்படியே இருக்கும். கோவை, மதுரை, நெல்லை என்று ஊர் மட்டும் மாறும். இந்த ஆய்வுகளைக் குறை சொன்னால் உடனே பதில் வருகிறது: வாங்குபவர் மனசை அறியாமல் சந்தையை மாற்ற முடியுமா?

பயனே இல்லை என்று சொல்ல மாட்டேன். விலைதான் முதல் தடை, அடுத்தது அவநம்பிக்கை என்று இவை திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. அட்டையில் பச்சை இலை போட்டதையெல்லாம் நம்ப முடியாது என்பதால்தானே மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையமே 2024இல் போலிப் பசுமை விளம்பரங்களுக்கு நெறிமுறை கொண்டுவந்தது. மாணவருக்குப் புள்ளியியல் பழக்கமும் வருகிறது. சரி.

என் வழக்கு அந்தக் கேள்வித்தாளோடு. 'சுற்றுச்சூழலைக் காப்பது என் பொறுப்பு.' 'பசுமைப் பொருளுக்குக் கூடுதல் விலை தரத் தயார்.' எதிரே ஐந்து கட்டங்கள். சூப்பர்மார்க்கெட் வாசலில், இரண்டு கையிலும் பையோடு நிற்கும் ஒருவரிடம் மாணவர் தாளை நீட்டுகிறார். கைக்காசு செலவில்லாமல் நல்லவராக ஒரு வாய்ப்பு. 'அறவே உடன்படவில்லை' என்பதில் யார் டிக் அடிப்பார்? அவர் பையில் அப்போது என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்த்தாலே பாதி ஆய்வு முடிந்துவிடும். யாரும் பார்ப்பதில்லை.

எல்லா ஆய்வேடும் துணைக்கு அழைப்பது உளவியலாளர் அய்சென் 1991இல் விரித்து எழுதிய திட்டமிட்ட நடத்தைக் கோட்பாட்டை. அந்தக் கோட்பாட்டின் படத்தில் எண்ணத்தோடு அம்புக்குறி நிற்பதில்லை, நடத்தை வரை போகிறது. அந்தக் காரியம் தன் கையில் இருப்பதாக மனிதர் நினைக்கிறாரா என்பதற்கும் அய்சென் தனி இடம் தந்திருக்கிறார். நம்மவர்களில் பெரும்பாலோர் எண்ணத்தோடு கடையைக் கட்டிவிட்டு, தலைப்பில் மட்டும் 'வாங்கும் நடத்தை' என்று போடுகிறார்கள்.

நடத்தை எப்படி மாறியது என்பதற்கு நம் கண்முன்னே சான்று உண்டு. 2014 தொடக்கத்தில் ஓர் எல்இடி பல்புக்கு அரசு நிறுவனம் கொடுத்த கொள்முதல் விலை 310 ரூபாய்; மொத்தமாக வாங்க வாங்க, சில ஆண்டுகளில் அது 40க்கும் கீழே இறங்கியது. குண்டு பல்பு வீட்டைவிட்டுப் போனது அப்படித்தான். இரண்டு மாத மின்சார ரீடிங் 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ் அடுக்கின் சலுகையும் போய்விடுமே என்று மீட்டரைப் பார்த்துக்கொண்டிருக்கும் குடும்பத் தலைவிக்கு பனிப்பாறை உருகுவதைப் பற்றி யாரும் பாடம் எடுக்கவில்லை. நீலகிரியில் 2022 முதல் டாஸ்மாக் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தருகிறார்கள். உயர் நீதிமன்றம் தலையிட்டதால் வந்த ஏற்பாடு. யானையின் காலைக் கிழித்துக்கொண்டிருந்த கண்ணாடியில் பெரும்பகுதி கடைக்கே திரும்பி வந்தது. குடித்தவருக்கே அக்கறை இல்லாவிட்டாலும், பொறுக்கிக் கொண்டுவருகிறவருக்கு அந்தப் பத்து ரூபாய் கிடைத்தது. இவர்களிடம் போய் ஐந்து கட்டத்தை நீட்டியிருந்தால் என்ன தெரிந்திருக்கும்?

தெருமுனை மளிகைக் கடைக்கு வாருங்கள். வாசலில் சரம் சரமாக ஷாம்பூ பாக்கெட். அப்படி அடைத்து விற்கும் வழியை நாட்டுக்குக் காட்டியதே நம் கடலூர்தான். அன்றாடக் கூலிக்காரர் அன்றைக்கு எது முடியுமோ அதை வாங்குகிறார். அதற்குப் பதிலான பசுமைப் பொருள் அந்தக் கடையில் இல்லவே இல்லை. தூக்குவாளியோடு எண்ணெய்க்கு வரும் பாட்டியைவிடப் பசுமையான நுகர்வோர் உண்டா? ஆனால் 2011ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு விதிமுறைகள் பொதுவாகச் சமையல் எண்ணெயைச் சில்லறையாக ஊற்றி விற்க விடுவதில்லை. கலப்படப் பயம், அதிலும் நியாயம் உண்டு. விளைவு, பாட்டி வாளியோடு பிளாஸ்டிக் பாக்கெட்டையும் சுமந்துபோகிறார். அவர் மனசில் எந்தக் காரணி குறைந்தது?

இந்த ஆய்வேடுகளின் கடைசி அத்தியாயத்தைப் படிக்காமலே சொல்லிவிடலாம்: மக்களிடையே விழிப்புணர்வை ஏற்படுத்த வேண்டும். தயாரிப்பாளருக்கு இதைவிட இனிப்பான பரிந்துரை கிடையாது. பாக்கெட்டை மாற்ற வேண்டாம், விலையைக் குறைக்க வேண்டாம். ஒரு சுவரொட்டி போதும். குற்றம் வாங்குபவர் தலையில். இதை ஆராய்ச்சி என்பதைவிட, கம்பெனிக்குக் கூலி வாங்காமல் பார்க்கும் வேலை என்பேன். கடுமையாகத் தெரிந்தால் தெரியட்டும்.

வாங்கியதைப் பில்லில் பாருங்கள் என்றால், கடைக்காரர் பில்லைக் காட்டமாட்டார், அதனால்தான் கேள்வித்தாள் என்பார்கள். தனியார் காட்டாமல் போகலாம். ஊருக்கு ஊர் கூட்டுறவுப் பண்டகசாலை இருக்கிறது. அங்கே போய் ஒரு வருஷ பில்லைக் கேட்டுப் பார்த்தார்களா?