பெருங்கொடையும் பொதுக்கடனும்

பல்கலைக்கழகங்களின் வைத்தியப் பகுதிகளுக்காகப் பெருந்தனவந்தர்களிடம் நன்கொடை பெறுவதையே முழுநேர உத்தியோகமாகக் கொண்ட நிதி அதிகாரிகள் என்ற ஒரு வகுப்பார், அமெரிக்காவில் பெருகி, இன்று ஹாங்காங், சிங்கப்பூர் வரையிலும் பரவியிருக்கின்றனர். கோயில் திருப்பணிக்கென்று ரசீதுப் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பட்டர்வொர்த் கடைத்தெருவில் படியேறி இறங்கும் நம் நிர்வாகஸ்தருக்கும் இவர்களுக்கும் நோக்கம் ஏறத்தாழ ஒன்றே, முறைதான் வேறு. நூறு பேரிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்ப்பது முன்னவர் வேலை. ஒருவரிடமே பத்து லட்சம் வெள்ளியைப் பெறுவது பின்னவர் வேலை. நமது பட்டர்வொர்த்துக்கு வடக்கே பெர்த்தாமில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் மருத்துவ, பல் மருத்துவ ஆய்வுக்கழகமும், அதற்கப்பால் கெடாவின் செமிலிங்கில் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகமும், கடலுக்கு அக்கரையில் ஜார்ஜ் டவுனில் அயர்லாந்துக் கல்லூரிகள் இரண்டின் மருத்துவ வளாகமும் இருக்க, இம்மூன்றுக்கும் நடுவில் வாழும் நமக்கு இத்தொழிலின் குணதோஷங்களைச் சீர்தூக்கிப் பார்ப்பது வீண் விசாரமாகாது.

செல்வர் கொடையால் வைத்தியக் கல்வி தழைப்பது இந்த வட்டாரத்துக்குப் புதிதன்று. பட்டர்வொர்த், வெல்லெஸ்லி மாகாணம் என்ற பெயரின்கீழ்ப் பினாங்கோடு சேர்ந்து நீரிணைக் குடியேற்றங்களுக்குள் அடங்கியிருந்த 1904-ஆம் ஆண்டில், உள்ளூர் மக்களுக்கென ஒரு வைத்தியப் பள்ளி வேண்டுமென்று டான் ஜியாக் கிம் தலைமையில் சிங்கப்பூர்ப் பிரமுகர்கள் அரசாங்கத்துக்கு மனுச் செய்தனர். மக்கள் 71,000 டாலர் திரட்டிக் கொடுத்தால் ஆகட்டும் என்றது அரசாங்கம். சேர்ந்ததோ 87,077 டாலர். அதில் டான் ஜியாக் கிம் அளித்த 12,000 டாலரே தனியொருவர் கொடையில் மிகப் பெரியது. பழைய மனநோய் விடுதியின் ஒரு பகுதியில், 1905 ஜூலையில், 23 மாணவர்களோடு பள்ளி தொடங்கியது. பின்னாளில் ஏழாம் எட்வர்ட் வைத்தியக் கல்லூரி என்று பெயர் பெற்று, 1949-இல் ராஃபிள்ஸ் கல்லூரியோடு இணைந்து மலாயாப் பல்கலைக்கழகமாயிற்று. இந்தக் கணக்கில் கருதத்தக்க விசேஷம் ஒன்று உண்டு. தலைமைக் கொடையாளரின் தொகை மொத்தத்தில் ஏழில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. ஆயினும், அவர் முன்னின்று கொடுத்திராவிட்டால் மற்ற ஆறு பங்கும் வந்திருக்குமா என்பது சந்தேகமே.

தமிழ்நாட்டிலும் இதற்கு ஒப்பான சரித்திரம் உண்டு. அமெரிக்காவில் வைத்தியம் பயின்று வேலூருக்குத் திரும்பவிருந்த ஐடா ஸ்கடர், பெண்களுக்கென ஒரு சிறு மருத்துவமனை கட்ட 8,000 டாலர் வேண்டி நியூயார்க்கில் அலைந்தபோது, ஷெல் என்ற வங்கியாளர், மறைந்த தம் மனைவியின் நினைவாக 10,000 டாலர் கொடுத்தார். மேரி டேபர் ஷெல் மருத்துவமனை 1902-இல் எழுந்தது. 1918-இல் அங்கே பெண்களுக்கான வைத்தியப் பள்ளி தொடங்கிற்று. ஆசியாவிலுள்ள ஏழு பெண்கள் கல்லூரிகளுக்குப் பொதுவாகப் பின்னர் நிதி திரட்டியபோது, ராக்ஃபெல்லர் குடும்பத்தின் நினைவு அறக்கட்டளை பத்து லட்சம் டாலர் தர முன்வந்து, அமெரிக்கப் பெண்கள் இருபது லட்சம் திரட்டினாலன்றித் தருவதில்லை என்று நிபந்தனையும் விதித்தது. பெண்கள் திரட்டினர், வேலூரும் அதில் பங்கு பெற்றது.

ஷெல் கொடுத்தது ஓர் இரவின் யோசனையில். இன்றைய நிதி அதிகாரியோ அந்த ஓர் இரவை இரண்டு மூன்று ஆண்டுகளாக நீட்டி, அதை ஒரு சாஸ்திரமாகவே ஆக்கியிருக்கிறார். அவர் பொறுப்பில் நூறு, நூற்றைம்பது பேரின் கோப்புகள் இருக்கும். ஒன்றைப் பிரித்தால், அந்தச் செல்வரின் தொழில், பங்குகள், பிள்ளைகள் படித்த பள்ளிகள், முன்பு எதற்கு எவ்வளவு கொடுத்தார், குடும்பத்தில் யாருக்கு என்ன நோய், எந்த வைத்தியரிடம் அவருக்கு அபிமானம் என்பதெல்லாம் வரிசையாகக் குறித்திருக்கும். முதற்சந்திப்பில் பணத்தைப் பற்றிப் பேச்செடுப்பதில்லை. பின்னர் ஆய்வுக்கூடத்தைச் சுற்றிக் காட்டுவார்கள். பீடத் தலைவரோடு விருந்து நடக்கும். செல்வரின் மனம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரிந்த பிறகே தொகை வாயில் வரும். கொடை கைக்கு வந்தபின், அது எவ்வாறு செலவாயிற்று, எந்த மாணவர் அதனால் படித்தார் என்று ஆண்டுதோறும் கடிதம் போகும்.

இம்முறையின் நன்மைகள் அற்பமானவை அல்ல. அரசாங்க மானியம் ஆண்டுக்கு ஆண்டு கூடிக் குறைவது. கொடையை முதலாக்கி வட்டியில் நடத்தும் பேராசிரியர் பதவியும் உபகாரச் சம்பளமும் மந்திரிசபை மாறினாலும் மாறுவதில்லை. பலன் நிச்சயமில்லாத ஆராய்ச்சிக்குப் பொதுப்பணத்தை ஒதுக்க அதிகாரிகள் தயங்குவது இயல்பு. தனிமனிதர் தம் பணத்தைத் துணிந்து இறைக்கலாம். துக்கத்தில் இருப்பவருக்குக் கொடை ஓர் ஆறுதல் என்பதையும் மறுப்பதற்கில்லை. இவற்றினும் மேலாக, கொடுத்த பணம் என்னவாயிற்று என்று கொடுத்தவருக்கு ஒழுங்காகக் கணக்குச் சொல்லும் வழக்கம், நம் சங்கங்களிலும் ஆலய சபைகளிலும் பலவற்றுக்கு இன்றும் கைவராத ஒரு நல்லொழுக்கம்.

குறைகளும் இதே வேரிலிருந்துதான் கிளைக்கின்றன. அமெரிக்காவில் 2013-இல் திருத்திய விதிகளின்படி, நோயாளி எந்தப் பிரிவில் யாரிடம் சிகிச்சை பெற்றார் என்ற தகவலை மருத்துவமனை தன் நிதி திரட்டலுக்குப் பயன்படுத்தலாம்; வேண்டாமென்று நோயாளி மறுக்கலாம் என்பது உண்மையே. ஆயினும், உயிர் பிழைத்த நன்றியில் நெகிழ்ந்திருப்பவரிடம், அடுத்த பரிசோதனைக்கும் அதே வைத்தியரிடம் வரவேண்டியவரிடம் கேட்கும் கொடை எவ்வளவு தூரம் சுயேச்சையானது? இரண்டாவது, செல்வர் தம்மைத் தொட்ட நோய்க்கே கொடுப்பர். புற்றுநோய்க்கும் இருதயத்துக்கும் மாளிகைகள் எழும். தோட்டப்புற ஏழையின் நீரிழிவுப் புண்ணுக்கும் முற்றிய காசநோய்க்கும் கேட்பாரில்லை. மூன்றாவது, பெயர். பர்டியூ பார்மாவின் உரிமையாளர்களான சாக்லர் குடும்பத்தின் பெயரை, அந்நிறுவனம் விற்ற வலிநிவாரணிகள் விளைத்த நாசம் அம்பலமானபின், அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகம் 2019-இல் தன் வைத்தியக் கட்டடங்களிலிருந்து நீக்கியது. வாங்கும்போது எளிதாயிருந்த பெயர், நீக்கும்போது சங்கடமாயிற்று. ஹாங்காங் பல்கலைக்கழகம், 2005-இல் லீ கா ஷிங் 100 கோடி ஹாங்காங் டாலர் அறிவித்தவுடன், தன் பழைய வைத்தியப் பீடத்துக்கு அவர் பெயரைச் சூட்ட முற்பட்டபோது, பழைய மாணவர்களே எதிர்த்தெழுந்தனர். இதற்கு நேர்மாறாக, 2024-இல் நியூயார்க்கின் ஐன்ஸ்டீன் வைத்தியக் கல்லூரிக்கு 100 கோடி அமெரிக்க டாலர் கொடுத்து மாணவர் அனைவருக்கும் கல்விக் கட்டணமே இல்லாமற் செய்த ரூத் காட்டஸ்மேன், கல்லூரியின் பெயரை மாற்றக்கூடாது என்று வேண்டிக்கொண்டார். இத்தகைய கொடையாளர் அபூர்வம். அபூர்வத்தை நம்பி ஒரு முறையை அமைக்கலாகாது.

செல்வரின் பணம், அவர் இஷ்டம், நாம் தலையிடலாமா என்று சிலர் கேட்கக்கூடும். மலேசியாவின் 1967-ஆம் ஆண்டு வருமானவரிச் சட்டம், அங்கீகாரம் பெற்ற ஸ்தாபனங்களுக்கு அளிக்கும் ரொக்கக் கொடையை, மொத்த வருமானத்தில் 10 சதவீத வரம்புக்குள், வரிக்குரிய வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ள அனுமதிக்கிறது. ஆகவே ஒவ்வொரு பெருங்கொடையிலும் கருவூலம் விட்டுக்கொடுத்த பங்கு ஒன்று உண்டு. அந்தப் பங்கின் அளவுக்கு, அது எந்த நோய்க்குப் போகிறது என்று கேட்கப் பொதுமக்களுக்குப் பாத்தியதை உண்டு.

ஆதலால் இத்தொழிலை ஒதுக்குவதும் அப்படியே இறக்குமதி செய்வதும் இரண்டுமே தவறு. நம் வட்டாரத்துப் பல்கலைக்கழகங்கள் இதனைக் கைக்கொள்ளுமானால், தேவை இன்னதென்று முதலில் தீர்மானித்து அறிவித்த பிறகே செல்வரைத் தேடிச் செல்லவேண்டும். நோயாளிகளின் பதிவேட்டை நன்கொடைப் பட்டியலாக்கலாகாது. நிதி அதிகாரியின் திறமையை அவர் கொண்டுவந்த மிகப் பெரிய தொகையால் மட்டும் அளத்தலும் கூடாது. அந்தத் தொகையைக் கண்டு எத்தனை சிறுகொடையாளர் பின்வந்தனர் என்பதே மேலான அளவுகோல். 1904-இல் அரசாங்கம் விதித்ததும், வேலூர் முதலிய கல்லூரிகளுக்காக ராக்ஃபெல்லர் அறக்கட்டளை விதித்ததும் அத்தகைய நிபந்தனையே. ஒருவர் மட்டும் கொடுத்து எழுந்த வைத்தியப் பள்ளிக்கு அவர் குடும்பமே காவல். பலர் சேர்ந்து எழுப்பியதற்கு ஊரே காவல். நூறு பேரின் கையெழுத்துள்ள ரசீதுப் புத்தகத்தைக் கொண்டுபோய் ஆயிரக்கணக்கில் கொடுக்க வல்லவரிடம் காட்டுவதும், அவர் கொடுத்ததைக் காட்டி மேலும் ஆயிரம் பேரிடம் கேட்பதும் நம் சமூகம் திருப்பணிகளில் நெடுங்காலமாகச் செய்துவரும் காரியம். அந்தப் பழக்கத்தை வைத்தியக் கல்விக்கும் நீட்டிக்க வல்லவரே இந்த மண்ணுக்கு ஏற்ற நிதி அதிகாரி.