கத்திக்கு வழிவிடும் அலுமினியம்

அலுமினியத்தைக் கத்தியால் வெட்டியிருக்கிறேன். நம்ப மாட்டீர்கள். ஏறக்குறைய 590 டிகிரி சூட்டில், பாதி கட்டியும் பாதி திரவமுமாக, ஓடாமல் சிந்தாமல் தட்டில் நின்றுகொண்டிருந்த எல்எம் 25 அலாய். மேலிருந்து கத்தியை வைத்து அழுத்தினேன்; சத்தமில்லாமல் அடிவரை இறங்கிவிட்டது! டை காஸ்டிங் மெஷின் பக்கத்திலேயே தலை நரைத்தவன் நான். அன்று ராத்திரி அம்பத்தூரிலிருந்து மணவூருக்குத் திரும்பும் மின்சார ரயிலில், முன்பின் தெரியாத ஒருவரிடம் இதையெல்லாம் சொல்லித் தீர்த்தேன். பாவம், அவர் அரக்கோணம் போகிறவர். நான் இறங்கும்வரை தப்பிக்க வழியே இல்லை.

இதில் என்ன பெரிய அதிசயம் என்று கேட்டால், எங்கள் தொழிலின் தீராத தலைவலியைச் சொல்ல வேண்டும். பிரஷர் டை காஸ்டிங்கில் உருகிய உலோகம் கேட் வழியாக வினாடிக்கு 30 முதல் 60 மீட்டர் வேகத்தில் டைக்குள் பாய்கிறது. பாய்கிறது என்பதைவிடச் சிதறுகிறது என்பதே சரி. சிதறும்போது காற்றையும் சுருட்டிக்கொள்கிறது. மேல்பார்வைக்குக் கண்ணாடி மாதிரி இருக்கும் காஸ்டிங்கை எக்ஸ்ரேயில் பார்த்தால் உள்ளே பொடிப்பொடியாக ஓட்டைகள். என்ஜின் கவருக்கு அது போதும். ஆனால் சஸ்பென்ஷன் ஆர்ம், ஷாக் அப்சார்பர் உட்காரும் டவர் போன்றவை வண்டியின் எலும்புகள். அவற்றுக்குப் பலம் ஏற்ற 540 டிகிரி வாக்கில் ஹீட் ட்ரீட்மென்ட் கொடுத்தால், உள்ளே சிக்கிய காற்று விரிந்து தோலில் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பிவிடும். வெல்டிங் வைத்தாலும் அதே கதை.

நான் கத்தியால் வெட்டிய அந்தப் பாதி கட்டி, பாதி திரவமான அரைத்திட உலோகம் இந்த வம்புக்கே போவதில்லை. கெட்டித் தயிரை நினைத்துக்கொள்ளுங்கள்: தொடாதவரை நிற்கும், கலக்கினால் இளகி ஓடும். அலுமினியம் சாதாரணமாக உறையும்போது கிளைகிளையாகப் படிகம் வளர்ந்து ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும். உறைய ஆரம்பிக்கும் நேரத்தில் கலக்கிவிட்டால் கிளைக்குப் பதில் உருண்டை உருண்டையான மணிகள் உருவாகின்றன. அவை வழுக்கி நகரும். பிளங்கர் தள்ளும்போது மொத்தக் குழம்பும் ஒரே முகமாக முன்னேறி, காற்றை வென்ட் வழியாக வெளியே தள்ளிவிடுகிறது. முன்கூட்டியே ஒரு பங்கு உறைந்துவிட்டதால் சுருக்கமும் குறைவு. டைக்குப் போகும் சூடும் குறைவு, அதனால் டை கூடுதல் நாள் உழைக்கும். ஹீட் ட்ரீட்மென்ட்? தாராளமாக!

இதைக் கண்டுபிடித்த கதை இன்னும் ருசி. 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பேராசிரியர் மெர்டன் பிளெமிங்ஸின் மாணவர் டேவிட் ஸ்பென்சர், வார்ப்பில் ஏன் வெடிப்பு விழுகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். வெள்ளீயம்-ஈயக் கலவையைச் சுழற்றிக்கொண்டே குளிரவிட்டபோது, இறுகிக் கல்லாகியிருக்க வேண்டியது கூழாகவே இருந்தது. ஆனால் அதன்பின் வந்த முதல் வழிக்குத் தனியாகத் தயாரித்த பில்லெட்டை வாங்கி மறுபடி சூடேற்ற வேண்டும். விலை எகிறியது, ரன்னரில் மிஞ்சும் துண்டை நம் பர்னஸிலேயே போட்டு உருக்கிப் பயன்படுத்தவும் முடியாது. சிறு பட்டறைக்காரன் கும்பிடு போட்டுவிடுவான். இப்போது மெஷின் பக்கத்திலேயே குழம்பு தயாராகிறது. எனக்கு மிகவும் பிடித்தது தாய்லாந்தின் சொங்க்லா பல்கலைக்கழகத்தில் ஜெசாடா வன்னாசின் வளர்த்தெடுத்த முறை: கிராஃபைட் தண்டு ஒன்றை உருகிய உலோகத்தில் முக்கி, நுண்துளைகள் வழியாகச் சில வினாடி நைட்ரஜன் குமிழி விடுகிறார்கள். அவ்வளவுதான்! நம் பக்கத்திலும் ஆள் இல்லாமல் இல்லை. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பிரதீப் தத்தாவின் குழு, தண்டே இல்லாமல் மின்காந்தப் புலத்தாலேயே கலக்கிப் பல ஆண்டுகள் ஆராய்ந்திருக்கிறது.

நிதானமாக நிரப்பும் வித்தை நமக்குப் புதிதும் அல்ல. எங்கள் ஸ்டேஷனுக்கு அடுத்தது திருவாலங்காடு. அந்த ஊர் நடராஜர் வெண்கலம் இப்போது எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது; போனால் நான் முதலில் பார்ப்பது அவரைத்தான். மண் அச்சைச் சூடாக்கி, நிதானமாக ஊற்றி, காற்று போக வழிவிடும் ஸ்தபதிகளின் வேலை அது. அவசரப்படாமல் நிரப்பினால் என்ன வரும் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டுமா?

2020-இல் டெஸ்லா, இத்ரா நிறுவனத்தின் 6,000 டன் டை காஸ்டிங் பிரஸ்ஸில் மாடல் ஒய் காரின் பின்னடிப்பாகத்தில் சுமார் 70 துண்டுகளுக்குப் பதில் ஒரே வார்ப்பைக் கொண்டுவந்து உலகையே வாய்பிளக்க வைத்தது. நானும் பிளந்தேன். இருந்தாலும் அந்த மாதிரி பிரஸ்ஸை அம்பத்தூர் தொழிற்பேட்டையின் எந்தக் கொட்டகையில் நிறுத்துவது? குழம்பு தயாரிக்கும் கருவியை இருக்கிற மெஷினுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளலாம்.

ஒன்று மட்டும் கறார்: சூடு. சில டிகிரி தவறினாலும் குழம்பின் பதம் மாறிவிடும். கண்ணால் பார்த்து, கை அனுபவத்தால் ஓட்டுகிற வேலை இல்லை இது. வழக்கமான ஏடிசி 12 அலாயையே ஊற்றிப் பழகியவர்கள், எலும்புப் பாகங்களுக்கு இரும்பு குறைந்த அலாய்க்கும் மாற வேண்டியிருக்கும். ஆகட்டுமே! ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் கார் கம்பெனிகள் எடை குறைந்த பாகம் கேட்டுக்கொண்டே இருக்கின்றன. பேட்டரி சுமக்கும் மின்சார வண்டிக்கு ஒவ்வொரு கிலோவும் கணக்கு. எங்கள் ஷிப்ட் பையன்களிடம் இப்போதே சூடு அளக்கும் தெர்மோகப்பிள் பிடிக்கச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்துவிட்டேன்.