பங்களா நாற்காலியும் தேயிலைப் பெட்டியும்

வீட்டுக்கேற்ற தளபாடங்களைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்று நமது ஞாயிற்றுப் பத்திரிகைகள் அவ்வப்போது புத்திமதி கூறுகின்றன. பழம்பொருள் ஒன்றிரண்டைக் கூடத்தில் வையுங்கள், புதியனவற்றை அளவறிந்து கலவுங்கள், மரத்தின் நிறம் சுவரோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள் என்பன போன்ற அறிவுரைகள். இவற்றிலே பிழை காண்பதற்கு அதிகமில்லை. ஆனால் இவை யாவும் ஒன்றை வாய்விட்டுச் சொல்லாமலே எடுத்துக்கொள்கின்றன: வாசகனுக்கு வீடொன்று உண்டு, அவ்வீடு அவனுடையது. ஹட்டனிலோ நுவரெலியாவிலோ ஒரு லயத்து ஸ்தோப்பில் உட்கார்ந்து இதனைப் படிப்பவனுக்கு முதல் வரியே அந்நியமாகிவிடுகிறது.

மலைநாட்டிலே இரண்டு வகையான இருப்பிடங்களைத் தேயிலை உண்டாக்கிற்று. ஒன்று குன்றின் உச்சியில் துரை பங்களா. மற்றது சரிவின் கீழே லயம். லயத்தில் ஒரு குடும்பத்துக்குக் கிடைப்பது ஒரு காம்பரா. 10 அடிக்கு 12 அடி என்பது பழைய லயங்களின் வழக்கமான அளவு. மேசை, அலுமாரி, கதிரை, காம்பரா என்பன போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொற்கள். ஸ்தோப்பு ஒல்லாந்தர் கொடுத்தது. சொற்களைத் தாராளமாகத் தந்தவர்களின் வரிசையில் கடைசியாக வந்த ஆங்கிலேயர், அச்சொற்கள் குறிக்கும் பொருள்களை வைக்க இடம் தரவில்லை.

பங்களாவின் தளபாடங்களுள் நமது ஆராய்ச்சிக்கு உகந்தது அந்த நீண்ட சாய்வு நாற்காலி. தோட்டத் துரைமாரின் பெயரே அதற்கு வழங்குகிறது. முதுகு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். இருக்கை பிரம்புப் பின்னல். கைகள் இரண்டும் முன்னே நீளும். அல்லது கைக்கு அடியிலுள்ள பலகை சுழன்று வெளியே வரும். மலையேறி இறங்கிய துரை அதிலே சாய்ந்து, இரு கால்களையும் அக்கைகளின் மேல் தூக்கிப் போடுவான். அப்போது அவனது சப்பாத்து, எதிரே நிற்பவனுக்கு எட்டும் உயரத்தில் இருக்கும். சப்பாத்தைக் கழற்ற ஒருவன் எதிரே நின்றாக வேண்டும் என்பது நாற்காலியின் அமைப்பிலேயே அடங்கியிருக்கிறது. தச்சனின் கைத்திறனை நாம் மறுக்கவில்லை. சாய்வுக் கோணமும் பிரம்பின் தளர்வும் உடலறிந்து செய்யப்பட்டவைதாம். ஆனால் யாருடைய உடலை அறிந்து என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது. வேலையாள் வந்து நிற்கவேண்டிய இடத்தைக்கூட அளந்து விட்டுச் செய்த நாற்காலி உலகில் வேறு அதிகமிராது.

1972இலும் 1975இலும் வந்த நிலச்சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிர்வாகம் மீண்டும் கம்பனிகளிடம் சென்றது. துரை போனான், நாற்காலி போகவில்லை. 2005இலிருந்து பொகவந்தலாவைப் பக்கத்துப் பங்களாக்கள் சில உல்லாசப் பயணிகளுக்கு வாடகைக்கு விடப்படுகின்றன. கந்தப்பொலையில் ஹெதர்செட் தோட்டத்துத் தொழிற்சாலையே 1996இல் விடுதியாயிற்று. இத்தகைய இடங்களில் பழைய மேசையும் கட்டிலும் சாய்வு நாற்காலியும் மெருகேற்றப்பட்டு, 'அந்தக் காலத்தின்' சுவை விற்பனைக்கு வருகிறது. பழம்பொருளைப் பேணுவது குற்றமன்று. அந்தக் காலம் என்பதில் பாதிக் காலத்தை மட்டும் பேணுவதுதான் கேள்விக்குரியது. 1869இலிருந்து இலைநோய் பரவிக் காப்பி அழிந்தபோது, செத்த காப்பி மரங்களின் தண்டுகள் பட்டை உரிக்கப்பட்டு இங்கிலாந்துக்குப் போய்த் தேநீர் மேசைகளுக்குக் கால்களாயின என்று தோட்ட வரலாறு எழுதியோர் சுவையாகக் கூறுவர். அக்காப்பியை நட, மன்னார்க் கரையிலிருந்து காட்டுவழியே கால்நடையாக வந்து வழியிலேயே மாண்டவர்களின் எலும்புகளைப் பற்றி அதே சுவையோடு பேச முடியாதாகையால், அவர்கள் மேசைக்கால் அளவுக்கும் நினைவிலில்லை.

லயத்துக்கும் தளபாட வரலாறு உண்டு. அதன் முதல் அத்தியாயம் தேயிலைப் பெட்டி. மெல்லிய ஒட்டுப்பலகை, விளிம்புகளில் தகரப்பட்டி, உள்ளே ஈயம் போற் பளபளக்கும் தாள். கொழும்புக்கும் லண்டனுக்கும் போகவேண்டிய இப்பெட்டி, உடைந்தோ கழிந்தோ லயத்துக்கு வந்தால் அதன் வாழ்வே வேறு. நிறுத்தி வைத்தால் விளக்கு மாடம். பழைய சேலையால் மூடினால் மேசை. இரண்டின் மீது பலகை போட்டால் பெஞ்சு. குறுக்கே தட்டு அடித்தால் அலுமாரி. ஏற்றுமதிக் காகிதச் சாக்குகள் வந்தபின் பெட்டி அருகிப்போயிற்று. இன்று மேலைநாட்டுப் பழம்பொருட் கடைகளில், தோட்டத்தின் பெயர் பொறித்த அதே பெட்டியை நல்ல விலைக்கு வைத்திருக்கிறார்கள்! வறுமையை அழகென்று வருணிப்பது நமது வேலையன்று. வேறு கதியில்லாமல்தான் அவர்கள் பெட்டியைப் பயன்படுத்தினார்கள். எனினும், ஒரே பொருளை நாலு பொருளாக்கிய அந்த அறிவை வடிவமைப்பு என்று அழைக்க நமது கலை விமரிசகர்கள் தயங்குவது ஏன்?

இரண்டாவது தகரப் பெட்டி. தாலி, புதுச்சேலை, இவற்றோடு பிறப்புச் சான்றிதழ், துண்டு, கடிதம். 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் ஒரு முழுச் சமூகத்தை நாடற்றதாக்கியபின், காகிதத்தைப் பத்திரப்படுத்துவது உயிரைப் பத்திரப்படுத்துவதற்கு ஒப்பாயிற்று. 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கென்றும் 3,00,000 பேரை இலங்கைக்கென்றும் பங்கிட்டபோது, தலைமன்னாரில் கப்பலேறியவர்களின் கையில் இருந்த ஒரே தளபாடம் அதுதான். கட்டிலும் மேசையும் ஒரு மண்ணில் ஊன்றி நிற்பவனுக்குரியவை; இவர்களுக்குத் தூக்கிச் செல்லக் கூடியது மட்டும் போதுமென்று இரு அரசாங்கங்களும் தீர்மானித்திருந்தன. எஞ்சியோரின் நாடற்ற நிலை முடிவுக்கு வர 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது. கம்பளைப் பக்கம், பழைய பீகொக் தோட்டத்து லயமொன்று 2007இல் தொழிலாளர் அருங்காட்சியகமாக்கப்பட்டது. பங்களாக்களைப் பார்த்து வருபவர்கள் அங்கேயும் ஒருமுறை போய் வருவது நல்லது.

அழகிய தளபாடம் மக்களுக்குரியதாக வேண்டும் என்ற எண்ணம் புதிதன்று. இங்கிலாந்தில் வில்லியம் மொறிஸ் 1861இல் கம்பனி தொடங்கிக் கைவினைப் பொருள்களைச் செய்வித்தார், 1883இல் சோஷலிஸ்டானார். ஆயினும் அவரது பொருள்களை வாங்கக்கூடியவர்கள் செல்வந்தரே. அம்முரண்பாடு அவரையே உறுத்திற்று. அவருடைய அச்சியந்திரத்திலேயே 1908இல் தமது நூலை அச்சிட்ட ஆனந்த குமாரசுவாமி, கண்டி நாட்டுத் தச்சனையும் கொல்லனையும் உலகறியச் செய்தார். அதே மலைகளில் அப்போதே பரம்பரையாக வாழ்ந்துகொண்டிருந்த தோட்டத் தமிழன் அவர் எடுத்த பொருளுக்குள் வரவில்லை. அது அவர் குறையன்று. அவருக்குப் பின் வந்த நம் குறை.

இப்போது தேர்வு என்ற சொல்லுக்குச் சிறிது இடம் பிறந்திருக்கிறது. இந்திய உதவியுடன் 7 பேர்ச் நிலத்தில் 550 சதுர அடித் தனிவீடுகள் சில தோட்டங்களில் எழுந்துள்ளன. 2017 மே மாதம் நோர்வூட்டில் மேலும் 10,000 வீடுகள் அறிவிக்கப்பட்டன. லயத்தில் இருப்போர் தொகையை நோக்க இது சிறிது. வீட்டுக்குள் புகுந்தவர்கள் முதலில் வாங்குவது பெரும்பாலும் தவணைக் கடனில் ஒரு சோபாத் தொகுதியும் கண்ணாடி அலுமாரியும். இதைக் கண்டு நகைக்கும் படித்தவர்களோடு நமக்கு உடன்பாடில்லை. துரைக்கு முன்னால் உட்காராமலே வாழ்நாளைக் கழித்த ஒருத்தியின் மகள் மெத்தை நாற்காலி வாங்குகிறாள் என்றால், அதில் நகைப்பதற்கு என்ன இருக்கிறது?

ஆனால் கடைக்காரன் அவளுக்கு விற்பது பெரும்பாலும் மரமன்று. மரத்தூளை அழுத்தி, மேலே மரம் போன்ற தாளை ஒட்டிய பலகை. ஆறாயிரம் அடி உயரத்து ஈரமும் மூடுபனியும் ஓரிரு மழைக்காலங்களில் அதன் அடியை ஊதச் செய்துவிடும். ஊதிய பலகையில் ஆணி நில்லாது. கடன் மட்டும் நிற்கும். பலா மரம் அப்படியன்று. புதிதில் மஞ்சளாயிருந்து, ஆண்டு செல்லச் செல்லச் செம்மை ஏறும். நகரத்துப் பழைய சாமான் கடைகளில் கால் ஆடும் பலாமர மேசை கிடைத்தால், அதை இழைத்துச் செப்பனிடுவது புதிய ஒட்டுப்பலகையைவிடப் பலமுறை மேல். கட்டில் வாங்குவோர் ஒரு கணக்குப் போடவேண்டும். ஆறடிக்கு ஐந்தடிக் கட்டில் 30 சதுர அடி. 120 சதுர அடிக் காம்பராவில் அது காற்பங்கு. லயத்தில் இன்னும் இருப்பவர்களுக்கு, பகலில் மடித்துச் சுவரோடு சாய்க்கக்கூடிய கட்டிலே தகும்.

பங்களா நாற்காலியின் போலியைத் தவணைக்கு வாங்குவதற்கு முன் வாங்கவேண்டியது வேறொன்று உண்டு. தோட்டப் பாடசாலை ஆசிரியர்களுக்கு அது தெரியும்: பிள்ளைகள் தகரப் பெட்டியின் மேலோ தரையில் குப்புறப் படுத்தோதான் எழுதுகிறார்கள். மூன்றடி நீளம், இரண்டடி அகலம், பிள்ளையின் முழங்கை உயரத்துக்குக் கால்கள். ஊர்த் தச்சனிடம் பலாவிலே சொல்லலாம். கைக்கெட்டாவிட்டால் தோட்டத்து நிழல்மரமான கிரவில்லியாவிலும் செய்விக்கலாம். பூட்டுள்ள இழுப்பறை ஒன்று அதற்கு அவசியம் இருக்கட்டும். வீட்டுறுதிப் பத்திரம் இன்னும் பலருக்கு வந்து சேரவில்லை. வரும்போது வைப்பதற்கு இடம் வேண்டும்.