அகலிகை கதையின் மறுவாசிப்புகள்: கற்பு, காமம், பாலினச் சமத்துவம்

முன்னுரை

பாலியல்பு பற்றிய சிந்தனை மாறும்போது பழங்கதைகளும் புதுவடிவம் கொள்கின்றன. ஒரு நிகழ்வைப் பிற்காலப் படைப்பாளி எடுத்தாளும்போது எதனை மாற்றினார், எதனை மறைத்தார் என்பது அவர்காலச் சிந்தனைக்குச் சான்றாகும். அகலிகை கதை இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. வான்மீகி, கம்பர், புதுமைப்பித்தன் ஆகியோரின் ஆக்கங்களில் பெண்ணின் குற்றமின்மை படிப்படியாக நிலைநாட்டப்பட்டது. அப்போது அவளது விருப்பம் என்னவாயிற்று என்னும் வினாவை இக்கட்டுரை ஆராய்கின்றது.

காப்பிய மரபு

வான்மீகியின் பாலகாண்டத்தில், முனிவேடத்தில் வந்தவன் இந்திரன் என்று அறிந்தே அகலிகை இசைகின்றாள். எவர் கண்ணுக்கும் புலப்படாமல், காற்றையே உணவாகக் கொண்டு சாம்பலில் கிடக்குமாறு சபிக்கப்படுகின்றாள். அவளது விருப்பம் ஒப்புக்கொள்ளப்படுகின்றது; ஆனால் தண்டனைக்குரியதாகின்றது.

கம்பரின் அகலிகைப் படலத்தில் நிலைமை சிக்கலானது. இடையில் உண்மையை உணர்ந்தும் அவள் அதனைத் தகாததெனக் கருதி விலகவில்லை. ஆயினும் பின்னர், அவள் நெஞ்சில் பிழையில்லை என்று விசுவாமித்திரர் கோதமருக்கு எடுத்துரைக்கின்றார். உடலின் இசைவையும் உள்ளத்தின் தூய்மையையும் ஒருசேரக் கூறும் இம்முரண் கவிஞரின் குறையன்று; பெண்ணின் காமத்தை மறுக்கவும் ஏற்கவும் இயலாத மரபின் தவிப்பு. சாபமும் இங்கே கல்லாதலாக அமைகின்றது. உடல் உணர்விழந்து கிடந்த பின்னரே அவளுக்கு மன்னிப்புக் கிட்டுகின்றது.

இருபதாம் நூற்றாண்டின் மாற்றம்

கற்பு இருபாலார்க்கும் பொதுவென்று பாரதியார் வலியுறுத்தினார். 1925இல் தொடங்கிய 'குடிஅரசு' இதழ் வழியே பெரியார் ஒருதலைக் கற்பின் அடிப்படையையே கேள்விக்குள்ளாக்கினார். இச்சூழலில் புதுமைப்பித்தன் இக்கதையை இருமுறை எழுதினார்.

1934இல் வெளிவந்த 'அகல்யை' கற்பை மனத்தூய்மையில் காண்கின்றது. சூழ்நிலையால் உடலுக்கு நேர்ந்த களங்கத்திற்குப் பெண் பொறுப்பல்லள் என்கின்றது. இது விடுதலைக் குரலே. எனினும் இவ்விடுதலைக்கு ஒரு நிபந்தனை உண்டு: அவள் விரும்பியிருத்தல் ஆகாது. வான்மீகி அளித்த விருப்பம் இங்கே பறிபோகின்றது.

1943இல் வெளிவந்த 'சாபவிமோசனம்' வினாவையே மாற்றுகின்றது. மீண்டும் மனைவாழ்வு பெற்ற அகலிகை, கணவன் இயல்பாகக் கூறும் சொல்லிலும் உட்பொருள் உண்டோ என்று அஞ்சுகின்றாள். மன்னிப்பு வழங்கப்பட்டபோதும் மன்னிக்கப்பட்டவள் என்னும் அடையாளம் நீங்கவில்லை. தன்னை மீட்ட இராமனே சீதையைத் தீயில் இறங்கச் செய்தான் என்று அறிந்ததும் அவள் உள்ளம் உடைகின்றது, மீண்டும் கல்லாகின்றாள். பெண் தூயவளா என்ற வினா பின்தள்ளப்பட்டு, அதனைச் சோதிக்கும் உரிமை ஆணுக்கு எவ்வாறு வந்தது என்ற வினா முன்வருகின்றது. பாலினச் சமத்துவச் சிந்தனை இலக்கியத்தில் அடைந்த முதிர்ச்சி இதுவே.

முடிவுரை

ஆயினும் 1943இன் அகலிகைக்கும் தன் உடலின் விருப்பத்தைப் பேச மொழியில்லை. கணவன் அணைக்கும்போதும் அவள் காண்பது இந்திரனையே. முதல் கல் பிறர் இட்ட சாபம். இரண்டாம் கல் அவளது மறுப்பு. மறுப்பு உரிமையின் தொடக்கமேயன்றி நிறைவன்று. பெண் குற்றமற்றவள் என்று மெய்ப்பிப்பதோடு நின்றுவிடும் சமத்துவம் அவளை நீதிமன்றக் கூண்டிலிருந்து இறக்குவதில்லை. அவளது விருப்பம், குற்றமாகவோ களங்கமாகவோ கருதப்படாமல், விருப்பமாகவே ஏற்கப்படும்போதுதான் சமத்துவம் முழுமையுறும்.