ஃபேன் சத்தம் மட்டும் ஜில்லென்று இருக்கிறது

‘கார் ஃப்ரிட்ஜ்’ என்ற பெயரில் ஆன்லைனில் பத்தாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் 20 லிட்டர் பெட்டியை வாங்கலாமா என்று கேட்டால், மே மாதம் திருச்சி வழியாகப் போகிறவர்களுக்கு என் பதில்: வேண்டாம். டிசம்பரில் போகிறவர்களுக்கு அது தேவையே இல்லை. நடுவில் இருப்பவர்கள் மேலே படிக்கலாம்.

பிள்ளைகள் கைக்குழந்தையாக இருந்தபோது எங்கள் பயணச் சாமான் எல்லாமே சூடு சம்பந்தப்பட்டது. வெந்நீர் ஃப்ளாஸ்க், பால் பாட்டில், கஞ்சிப் பொடி. இப்போது பெரியவளுக்குப் பதிமூன்று, சின்னவனுக்கு ஒன்பது. கேட்பதெல்லாம் குளிர்ச்சி. ஜில் மோர் வேண்டும், நறுக்கிய மாம்பழம் வேண்டும், ரோஸ்மில்க் வேண்டும். செங்கல்பட்டு தாண்டுவதற்குள் ஒரு கடை, விக்கிரவாண்டியில் ஒரு கடை என்று நிறுத்தினால் கொடைக்கானல் போய்ச் சேர நள்ளிரவாகும். மலையில் 5 லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடையும் இருக்கிறது. எப்படியும் எவர்சில்வர் பாட்டில்தான் கொண்டுபோக வேண்டும். அப்படியானால் அதைக் குளிர வைக்க ஒரு பெட்டி இருக்கட்டுமே என்று வாங்கியதுதான் இது.

இந்த விலையில் வரும் பெட்டிகளில் கம்ப்ரஸர் கிடையாது. பெல்டியர் தகடு என்ற சின்னச் சதுரச் சில்லு ஒன்று இருக்கும். அதில் மின்சாரம் பாய்ந்தால் ஒரு முகம் குளிரும், மறுமுகம் சூடாகும். 1834இல் பிரெஞ்சுக்காரர் பெல்டியர் கண்டறிந்த விளைவு இது. உள்ளே இருக்கும் வெப்பத்தை இழுத்து வெளியே தள்ள ஒரு ஃபேன். வேறு நகரும் பாகமே இல்லை. அதனால்தான் எடை குறைவு, விலையும் குறைவு.

பெட்டியின் அட்டையில் பொடி எழுத்தில் ஒரு வரி அச்சிட்டிருக்கிறது: சுற்றுப்புற வெப்பத்தைவிட 15 முதல் 20 டிகிரி வரை குறைக்கும். வாங்குகிறவர் படிக்க வேண்டிய ஒரே வரி அதுதான். வீட்டு ஃப்ரிட்ஜ் போல 4 டிகிரி என்று வைத்துவிட்டு மறந்துவிட முடியாது. கார் 40 டிகிரியில் நின்றால் பெட்டி 20க்கு மேல்தான் இருக்கும். கெடக்கூடிய உணவை 5 டிகிரிக்குக் கீழே வையுங்கள் என்பது உணவுப் பாதுகாப்புக்காரர்கள் சொல்லும் கணக்கு. 20 டிகிரியில் தயிர் புளிக்கும். வேகம் மட்டும் கொஞ்சம் குறையும்.

எங்கே வைப்பது என்பதில்தான் பாதி வெற்றி. டிக்கியில் வைத்தால் ஏசி காற்று எட்டாது, வெற்று வெயிலில் கிடப்பதற்குச் சமம். ஆகவே பின்சீட்டில் இரண்டு பிள்ளைகளுக்கும் நடுவே வைத்து, நடு பெல்ட்டைக் கைப்பிடிக்குள் விட்டுக் கட்டினோம். திடீர் பிரேக்கில் சாமான் நிரம்பிய பெட்டி பறந்து வந்தால் யார் தலை என்று சொல்ல முடியாது. (பிள்ளைகளுக்கும் பெல்ட் கட்டாயம், 14 வயதுக்குள் இருப்பவர்கள் பெல்ட் போடாமல் இருந்தால் 1,000 ரூபாய் அபராதம் என்று சட்டமே சொல்கிறது.) அட்டையில் போடாத ஒரு பயனும் கிடைத்தது. இரண்டு பேருக்கும் நடுவே எல்லைச் சுவர் வந்துவிட்டதால், “என் பக்கம் காலை நீட்டுறான்மா” என்ற புகார் திண்டிவனம் வரை வரவில்லை.

தெர்மாமீட்டர் பெரியவள் பொறுப்பு. வீட்டு ஃப்ரிட்ஜில் இரவு முழுக்கக் குளிர்ந்த மோரும் பாட்டில்களும் 6 டிகிரியில் உள்ளே போயின. விடியலில் கிளம்பி ஏசி போட்டுக்கொண்டு போனவரை 9, 10 என்று நின்றது. மோசமில்லை. திருச்சியில் சாப்பிட இறங்கினோம். இன்ஜினை அணைத்ததும் லைட்டர் சாக்கெட்டில் மின்சாரம் போய்விட்டது. திரும்பி வந்து பார்த்தால் 21. காரணம் உண்டு. மின்சாரம் நின்றவுடன் அந்தத் தகடே வெளிச்சூட்டை உள்ளே கடத்தும் பாலமாகிவிடுகிறது. சாதாரண ஐஸ் பாக்ஸில் அந்தப் பாலம் இல்லை. சாப்பாட்டுக்கு இறங்குகிற குடும்பத்துக்கு இதைவிடப் பெரிய குறை வேறில்லை. திண்டுக்கல் வரை பெட்டி உறுமியும் 17க்குக் கீழே வரவில்லை. சின்னவன் மோரைக் குடித்துப் பார்த்துவிட்டு, “அம்மா, இதுல ஃபேன் சத்தம் மட்டும்தான் ஜில்லுன்னு இருக்கு” என்றான்.

சில கார்களில் இன்ஜினை அணைத்தாலும் சாக்கெட்டில் மின்சாரம் இருக்கும். அது இன்னும் ஆபத்து. இந்தப் பெட்டி 4, 5 ஆம்பியர் இழுக்கும். கார் பேட்டரி 35 முதல் 45 ஆம்பியர் ஹவர்தான். ராத்திரி மறந்து விட்டுவிட்டால் காலையில் காரைத் தள்ள ஆள் தேட வேண்டும், அதுவும் மலைச் சரிவில். இன்னொன்று, ஃபேன் இருக்கும் பக்கத்தில் பை, போர்வை எதையும் சாய்க்கக் கூடாது. பிள்ளைகள் சாய்ப்பார்கள்.

இனி ஐஸ் கணக்கு. பெட்டி இழுப்பது ஏறக்குறைய 50 வாட். உள்ளிருந்து வெளியேற்றும் வெப்பம் நல்ல நிலையில் அதில் பாதி. ஒரு கிலோ ஐஸ் உருகும்போது 334 கிலோ ஜூல் வெப்பத்தை விழுங்கும். வகுத்துப் பார்த்தால், இரண்டு கிலோ ஐஸ் செய்கிற வேலையைச் செய்ய இந்தப் பெட்டி ஏழு மணி நேரத்துக்கு மேல் விடாமல் ஓட வேண்டும். ஐஸுக்கு சாக்கெட் வேண்டாம், இன்ஜின் வேண்டாம், சாப்பிட இறங்கினால் அது கோபித்துக்கொள்ளாது. திரும்பும்போது இதைத்தான் செய்தோம். ஊரில் ஐஸ் வாங்கி, மூடி இறுகும் டப்பாக்களில் அடைத்து, தடித்த சுவருள்ள பழைய ஐஸ் பாக்ஸில் அடியில் போட்டு, மேலே மோர், பழம் எல்லாம் அடுக்கினோம். மின்பெட்டி டிக்கியில் துணிப்பையாக வந்தது. வீட்டிலிருந்து கிளம்புகிறவர்கள் தண்ணீரையே டப்பாவில் உறைய வைக்கலாம்; உருகினால் குடித்துவிடலாம். ஒன்று: முழுக்க நிரப்பாதீர்கள். உறையும்போது தண்ணீர் சுமார் 9 சதவீதம் உப்பும்.

கம்ப்ரஸர் வைத்த கார் ஃப்ரிட்ஜ் வேறு ஜாதி. நண்பர் ஒருவரிடம் இரவல் வாங்கி இதே பாதையில் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். 4 டிகிரி என்று வைத்தால் 4தான், வெளியே என்ன வெயில் அடித்தாலும். மைனஸில் வைத்து ஐஸ்கிரீம்கூடக் கொண்டுபோகலாம். அணைத்துவிட்டுச் சாப்பிடப் போனால் ஓரிரு டிகிரிதான் ஏறுகிறது. பேட்டரி மின்னழுத்தம் இறங்கினால் தானே நின்றுகொள்ளும் ஏற்பாடும் உண்டு. ஆனால் விலை இருபதாயிரத்தைத் தாண்டும், காலியாகவே பத்துக் கிலோ எடை, டிக்கியில் பாதியை அடைத்துக்கொள்ளும். வருஷத்துக்கு ஒரு கோடை விடுமுறைக்காக வாங்குவது வீண். மாதம் இருமுறை ஊருக்குப் போகிறவர்கள் யோசிக்கலாம்.

மலிவுப் பெட்டிக்கு நியாயம் செய்ய வேண்டுமென்றால் கொடைக்கானலைச் சொல்ல வேண்டும். வத்தலக்குண்டு தாண்டி, கொண்டை ஊசி வளைவுகள் ஏறி 2,000 மீட்டரைத் தொட்டதும் வெளிக்காற்று இருபதுக்குக் கீழே வந்துவிட்டது. விடுதி அறையில் அடாப்டரில் சொருகினோம். சீக்கிரமே 4 டிகிரி! குளிர்ச்சி யாருக்கும் வேண்டாத ஊரில் பிரமாதமாகக் குளிர்கிறது. மின்சாரத்தின் திசையைத் திருப்பினால் குளிர்முகம் சூடுமுகமாகும் என்பதால் பெட்டியில் ‘ஹாட்’ என்று ஒரு சுவிட்சும் உண்டு. காலையில் வாங்கிய இட்லியை ஏரிக்கரை சுற்றி வரும்வரை வெதுவெதுப்பாக வைத்திருந்தது அதுதான். ஆறியதைச் சூடாக்க மட்டும் எதிர்பார்க்கக் கூடாது.

ஒரு விஷயத்தில் மட்டும் சமரசம் வேண்டாம். பிரிக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். பெல்டியர் பெட்டியில் அது திருச்சிக்கு முன்பே எல்லை தாண்டிவிடும். ஐஸ் மேல் நேராக வைத்தால் உறைந்து வீணாகும். இன்சுலினோடு தாத்தா பாட்டியும் உடன் வருகிற பயணமென்றால் நான் நண்பரிடம் அந்தக் கம்ப்ரஸர் பெட்டியைத்தான் மறுபடி கேட்பேன். போன முறை அதில் மீன் கொண்டுவந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன்; அந்த வாசனை போய்விட்டதா என்று அவர் இன்னும் சொல்லவில்லை.