மை தீர்ந்துபோகிற முகம்

ஆண்டி வார்ஹோல் பற்றிப் பேச்சு வந்தாலே 'இயந்திரம்' என்ற சொல்லும் கூடவே வந்துவிடும். ஒரே படத்தைத் திரும்பத் திரும்ப அச்சடித்தார், இதில் கைவேலை எங்கே இருக்கு என்பார்கள். ஸ்கிரீன் பிரிண்டிங் கற்றுக்கொள்ளத் தொடங்கிய பிறகு எனக்கு இந்த வாதம் ஒட்டவே மாட்டேங்குது.

ஒரு புகைப்படத்தை ஸ்கிரீனில் ஏற்ற, முதலில் அதைச் சின்னச் சின்னப் புள்ளிகளாக உடைத்து ஃபிலிம் எடுக்கணும். சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணியில் எமல்ஷன் பூசி, காயவைத்து, ஃபிலிமை வைத்து வெளிச்சம் காட்டணும். வெளிச்சம் பட்ட இடம் இறுகிவிடும். புள்ளிகள் மறைத்த இடம் தண்ணீரில் கரைந்துபோகும். அந்தத் திறப்புகள் வழியாக ஸ்குவீஜியால் மையை இழுத்தால் படம். கேட்க சுலபம்தான். ஆனால் மை கொஞ்சம் கூடினால் முகம் அப்பிக்கொள்ளும். கொஞ்சம் தாமதித்தால் துணிக்கண்களில் மை காய்ந்து அடைத்துக்கொள்ளும், அடுத்த படம் வெளிறிப்போகும்.

இப்போ 'மர்லின் டிப்டிக்' ஓவியத்துக்கு வருவோம். மர்லின் மன்றோ இறந்தது 1962 ஆகஸ்டில். வார்ஹோல் இந்த முறையைக் கையில் எடுத்ததும் அதே சமயத்தில்தான். 'நயாகரா' (1953) படத்தின் விளம்பரப் புகைப்படம் ஒன்று, 50 முகங்களாக அச்சாகியிருக்கு. இடப்பக்கம் 25 வண்ணத்தில், வலப்பக்கம் 25 வெறும் கறுப்பில். வலப்பக்கத்தில் ஒரு வரிசை மை அப்பி இருண்டு கிடக்கு. ஓரத்துக்குப் போகப் போக முகம் கரைந்து, கடைசியில் நிழல்தான் மிச்சம்.

எந்த அச்சகத்திலும் இவை கழிவுத்தாள் கட்டுக்குப் போயிருக்கும். வார்ஹோல் கழிக்கவில்லை. கலை அந்த முடிவில்தான் இருக்கு என்பது என் கட்சி. நட்சத்திரத்தை விற்ற அதே படம், அச்சடிக்க அடிக்கத் தேய்ந்துபோவதை மறைக்காமல் விட்டிருக்கிறார். ஒரு சாவுச் செய்தியைப் பத்திரிகைகளில் பார்த்துப் பார்த்து நமக்கு மரத்துப்போவது போலத்தான் இதுவும்.

1970களில் போலராய்டு எடுத்து, பணம் வாங்கிக்கொண்டு செய்த 40 அங்குலச் சதுர உருவப்படங்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அச்சு சுத்தமாக இருக்கு, நிறம் பளபளக்குது. வாடிக்கையாளர் முகம் சுளிக்க ஒன்றுமில்லை. நுட்பம் முழுசாக வசப்பட்டுவிட்டது. இழக்க மட்டும் எதுவும் இல்லை. எனக்கு அந்த அழுக்கு அச்சே போதும். அதில்தான் ஒரு பெண் செத்துப்போயிருக்கிறாள் என்பது தெரியுது.